பெங்களூரில் விபத்துக் காயத்துக்கு வழக்குப் போட எந்த வக்கீலைப் பிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. மேயோ ஹால் கோர்ட்டுப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று நம்ம ஆட்கள் யாருக்காவது வண்டியில் அடிபட்டால் "நல்ல வக்கீலா ஒருத்தரைச் சொல்லுங்க" என்று எனக்குப் போன் வரும். ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் எழுதியே வைத்துவிட்டேன். யாருடைய பெயரையும் இங்கே சிபாரிசு செய்யப்போவதில்லை. ஆளைப் பார்த்தால் எப்படி எடைபோடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஒருத்தர் வந்து, "கேஸை நான் பார்த்துக்கறேன், காசு ஒண்ணும் வேண்டாம், இதுல கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். வக்கீல் தானாகத் தேடிவந்து கேஸ் பிடிக்கக் கூடாது, தரகர் வைத்தும் பிடிக்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி 36. வந்தவர் பெரும்பாலும் வக்கீலே இல்லை, புரோக்கர். வார்டில் யாரோ, ஸ்டேஷனில் யாரோ தகவல் கொடுத்திருப்பார்கள். அவர் நீட்டும் தாள்களில் மேலே இருப்பது வக்காலத்து, அதாவது இவர்தான் என் வக்கீல் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் தாள். அடியில் இரண்டு மூன்று வெற்றுத்தாள் இருக்கும்.

என் மச்சானே ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வலிக்கு ஊசி போட்ட மயக்கத்தில், இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டு! எந்த வக்கீலிடம் ஃபைல் போனது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த வக்கீல் மச்சானின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

யாராவது வந்தால், "டிஸ்சார்ஜ் ஆகட்டும், நாங்களே வருகிறோம்" என்று சொல்லி அனுப்புங்கள். அசல் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரே படங்களையும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிறகு அவைதான் பிணையாகிவிடும்.

அப்படித் தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடாதா?

நாலைந்து வாரத்தில் ஒன்றும் கடந்துவிடாது. ஆனால் ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு மறுபடி வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிருக்கிறது. அது எப்படியோ போகட்டும், நம் மனு ஆறு மாதத்துக்குள் பதிவாகிவிட வேண்டும். "அவசரமே இல்லைங்க, எப்ப வேணும்னாலும் போடலாம்" என்று ஒரு வக்கீல் சொன்னால், அவர் பழைய சட்டத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டு எழுந்து வாருங்கள்.

சரி, நாமே போய்ப் பார்க்கிறோம். நல்ல வக்கீல் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா, எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். அடுத்ததாக, "நீங்க என்ன வேலை செய்யறீங்க? அந்த வேலையில இந்தக் கால், இந்தக் கை என்ன பண்ணும்?" என்று கேட்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். காயத்துக்கான பணம் தீர்மானமாவது அங்கேதான்.

எப்படி என்று கணக்காகவே காட்டுகிறேன். சிவாஜிநகரில் தையல் கடையில் வேலை பார்க்கும் 32 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய். வலது காலில் முறிவு, உள்ளே ராடு போட்டிருக்கிறது. டாக்டர் கோர்ட்டில் வந்து, "காலுக்கு 30 சதவீத ஊனம்" என்கிறார். கர்நாடகத்தில் பொதுவாக, கை காலுக்குச் சொன்ன ஊனத்தில் மூன்றில் ஒரு பங்கை முழு உடலுக்கான ஊனமாக எடுப்பார்கள். ஆக 10 சதவீதம். உச்ச நீதிமன்றம் 2009-ல் சர்லா வர்மா வழக்கில் வயதுவாரியாகப் பெருக்கும் எண்களை வகுத்தது. 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. வருஷத்துக்கு 1,80,000, அதை 16-ஆல் பெருக்கினால் 28,80,000. அதில் 10 சதவீதம் 2,88,000 ரூபாய். அக்கறையில்லாத வக்கீலோடு போனால், வருமான இழப்பு என்ற தலைப்பில் இதோடு கதை முடிந்துவிடும்.

அக்கறையுள்ளவர் என்ன செய்வார்? 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: டாக்டர் சொல்லும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்ற சதவீதம் வேறு. இடது கை போனால் குமாஸ்தா சமாளித்துக்கொள்வார், தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும் என்ற மாதிரி உதாரணமும் அதில் உண்டு. (குமாஸ்தாவுக்கு ஒன்றும் ஆகாது என்று என் வக்கீல் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.) நம் தையல்காரருக்கு வலது கால்தான் மிஷின் மிதிக்கும் கால். அந்த ஒரு விஷயத்தைச் சாட்சியத்தில் கொண்டுவந்து, கடை முதலாளியையும் கூண்டில் ஏற்றி, "இவரால இப்ப பாதி உருப்படிதான் தைக்க முடியுது" என்று சொல்லவைத்தால், தீர்ப்பாயம் (விபத்து நஷ்டஈட்டு வழக்கைக் கேட்கும் கோர்ட்டு) 20 சதவீதம் என்று எடுக்க வாய்ப்பு உண்டு. 5,76,000 ஆகிவிடும். 40 வயதுக்குக் குறைந்த சுயதொழில்காரருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கலாம் என்று 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது சாவு வழக்கில்; பிறகு 2020-ல் காய வழக்குக்கும் அதைச் சேர்த்துக் கொடுத்தது. அதையும் கேட்டு வாங்கினால் 8,06,400.

அதே கால், அதே ராடு, அதே டாக்டர்தான். வக்கீல் கேட்ட இரண்டு கேள்விக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அவரிடம் நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது என்ன?

"டாக்டரைச் சாட்சியாக் கூப்பிடுவீங்களா, இல்லை சர்டிபிகேட் மட்டும் போதும்பீங்களா?" டாக்டர் வந்து சாட்சி சொல்லாத ஊனச் சான்றிதழுக்குக் கோர்ட்டில் மதிப்புக் குறைவு. உங்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டரே வந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரே டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தாலே இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் சிரிப்பார்.

அடுத்தது, "குறுக்கு விசாரணை அன்னைக்கு நீங்களே வருவீங்களா, ஜூனியரை அனுப்புவீங்களா?" ஜூனியர் வாய்தாவுக்கு வரட்டும், தப்பில்லை. சாட்சியத்துக்கு யார் வருவார் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் முதல் நாளே, ரிப்போர்ட்டைப் பார்க்காமலே, "இருபது லட்சம் வாங்கித்தரேன்" என்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.

ஃபீஸ் எவ்வளவு? "வர்றதுல இருபது பர்சென்ட்" என்கிறார்களே?

எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுதிவைக்காத விஷயம் இது. சட்டப்படி, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் வரும் பணத்தில் பங்கு கேட்பதும் கூடாது. பார் கவுன்சில் விதி 20 அதைத் தடுக்கிறது. நடப்பில் எம்.வி.சி. கேஸ்களில், அதாவது வண்டி விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில், சதவீதப் பேச்சு சாதாரணம். கையில் காசில்லாத குடும்பம் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் யோசனை இது. மொத்த ஃபீஸ் இவ்வளவு ரூபாய் என்று தொகையாகப் பேசுங்கள். மனு போடும்போது கொஞ்சம், சாட்சியம் முடிந்ததும் கொஞ்சம், தீர்ப்பு வந்ததும் மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். டாக்டர் சாட்சிக்கு வரும் செலவு, நகல் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு அதில் அடங்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், அல்லது யு.பி.ஐ.-யில் போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்து அழுகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

எந்தக் காரணம் சொன்னாலும் கையெழுத்துப் போட்ட வெற்று செக் கொடுக்காதீர்கள். சிலர் ஏன் அதைக் கேட்கிறார்கள் தெரியுமா? அவார்டுப் பணம், அதாவது தீர்ப்பில் வரும் நஷ்டஈடு, இப்போதெல்லாம் வக்கீல் கைக்கு வருவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் கட்டும், கோர்ட்டு உங்கள் பேங்க் கணக்குக்கே அனுப்பும், ஒரு பங்கை வைப்புத்தொகையாகப் போடச் சொல்வதும் உண்டு. பணம் விழுந்த அன்றே தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் அந்த செக். உங்கள் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கணக்கோடு இணைந்த போன் நம்பர் மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். "புதுசா ஒரு அக்கவுன்ட் நாங்களே திறந்து தரோம்" என்ற பேச்சு வந்தால் அதோடு அந்த வக்கீலை விட்டுவிடுங்கள்.

அவார்டின் கடைசிப் பக்கத்தில் வக்கீல் ஃபீஸ் 1,000 ரூபாய் என்று நீதிபதி எழுதியிருப்பதைப் பலர் என்னிடம் காட்டி, "இவ்வளவுதானாமே!" என்பார்கள். அது எதிர்த்தரப்பு உங்களுக்குத் தரவேண்டிய செலவுக் கணக்கு. உங்கள் வக்கீலோடு நீங்கள் பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தமிழ் வக்கீலாகத்தான் பார்க்க வேண்டுமா? எங்களுக்குக் கன்னடம் சரியாக வராது.

வக்கீலின் சாதி, ஊர், மொழி எதுவும் கேஸை ஜெயிக்காது. நான் வேலை பார்த்த சீனியர் துமகூர்க்காரர். தமிழ் அரைகுறையாகத்தான் பேசுவார். ஆனால் கட்சிக்காரர் சொல்வதை முழுசாகக் கேட்பார்.

மொழி எங்கே கழுத்தை அறுக்கும் என்றால் பிரமாணப் பத்திரத்தில். உங்கள் முதல் விசாரணை வாய்மொழியாக நடக்காது. வக்கீல் ஆபீஸில் டைப் செய்த பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதில், "ஆறு மாதம் படுத்த படுக்கையாக இருந்தேன்" என்று எழுதியிருக்கும். பழைய கேஸிலிருந்து நகலெடுத்த வரியாக இருக்கலாம். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள். இன்சூரன்ஸ் வக்கீல் கூண்டில் வைத்துச் சிரித்துக்கொண்டே, "எப்ப திரும்பக் கடைக்குப் போனீங்க?" என்பார். நீங்கள் உள்ளதை உள்ளபடி, "மூணாம் மாசம்" என்பீர்கள். அப்புறம் பத்திரத்தில் இருக்கும் மற்ற உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். இப்படி உடைந்த கேஸ்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் பிரமாணப் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்காட்ட அந்த ஆபீஸில் ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வக்கீலோ, ஜூனியரோ, என்னைப் போன்ற குமாஸ்தாவோ, யாராக இருந்தாலும் சரி. சாட்சியை நீங்கள் தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்த்துப் பதிவு செய்வார்கள். அதை வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

விபத்து ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் நடந்தது. நாங்கள் இருப்பது பொம்மனஹள்ளியில். வக்கீலை எங்கே பிடிப்பது?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் நம்ம ஜனங்களுக்கு அடிக்கடி வரும் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166 மூன்று வழி தருகிறது: விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம். ஆகவே பெங்களூரிலேயே போடலாம். இங்கே சிறு வழக்கு நீதிமன்றம்தான் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயமாகவும் இருக்கிறது. நகர சிவில் கோர்ட்டு வளாகத்திலும் மேயோ ஹாலிலும் நடக்கிறது.

இங்கே போட்டால் வாய்தாவுக்கு அலைச்சல் மிச்சம், உங்கள் டாக்டரும் பெங்களூரில் இருந்தால் சாட்சிக்கு வருவது சுலபம். சிரமம் என்னவென்றால் எஃப்.ஐ.ஆர்., மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவு), குற்றப்பத்திரிகை எல்லாம் தமிழில் இருக்கும், மொழிபெயர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு ஸ்டேஷனிலிருந்து காகிதம் எடுத்துப் பழக்கமுள்ள ஆபீஸாகப் பாருங்கள். ஆதார் ஊர் விலாசத்தில் இருந்தால், பெங்களூரில் வசிப்பதற்கு வாடகை ஒப்பந்தமோ, சமையல் காஸ் புத்தகமோ, வேலை பார்க்கும் இடத்துக் கடிதமோ எடுத்துக்கொண்டு போங்கள். இன்சூரன்ஸ் தரப்பு முதலில் அதைத்தான் கிளறும்.

அவர் உண்மையிலேயே வக்கீல்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதிவு எண் கேளுங்கள். கர்நாடகத்தில் பதிவானவருக்கு கே.ஏ.ஆர். என்று தொடங்கி எண்ணும் வருஷமும் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய வழக்குகள் வரும். எம்.வி.சி. வழக்குகள் நிறைய இருந்தால் அவருக்கு இந்த வேலை பழக்கம். நில வழக்கில் புலியாக இருப்பவர் விபத்துக் கேஸிலும் புலி என்று நினைக்காதீர்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும் முன் என்னென்ன சேர்த்து வைக்க வேண்டும்?

பெங்களூரில் விபத்து வழக்கைப் பதிவு செய்வது டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷன், சாதாரண ஸ்டேஷன் இல்லை. அங்கிருந்து எஃப்.ஐ.ஆர்., இட மகஜர், வரைபடம், வண்டி ஆய்வாளர் அறிக்கை, பிறகு குற்றப்பத்திரிகை வரும். 2022 விதிகளின்படி போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை போயிற்றா என்று உங்கள் வக்கீல் ஸ்டேஷனில் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்களும். மருந்துக்கடை பில் மங்கிப்போகும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோச் செலவைக்கூட ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இதைவிட முக்கியம் வருமானத்துக்கு ஆதாரம். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். பேங்க் கணக்கு, யு.பி.ஐ. வரவு, முதலாளியின் கடிதம், சீட்டு கட்டிய புத்தகம் எதுவானாலும் உதவும். ஒன்றுமே இல்லையென்றால் மாநில சட்டப் பணிகள் ஆணையம் லோக் அதாலத்துக்காக (இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் இடம்) வருஷவாரியாகப் போட்டிருக்கும் பட்டியலைக் கர்நாடகக் கோர்ட்டுகள் உத்தேச வருமானத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பட்டியல் உங்கள் வக்கீலின் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டால் அவருக்கு எம்.வி.சி. கேஸ் புதுசு.

ஹெல்மெட் போடவில்லை. மூன்று பேர் போனோம். வக்கீலிடம் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். மறைத்து, குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் வக்கீலால் காப்பாற்ற முடியாது. மூன்று பேர் போனது ஒன்றையே வைத்து உங்கள்மேலும் தப்பு என்று நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மீறலுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இருந்ததா என்பதே கேள்வி.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. அல்லது வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. வழக்குப் போட்டுப் பயன் உண்டா?

இரண்டும் வேறு வேறு. வண்டியே தெரியவில்லை என்றால் அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். இதற்கு வக்கீல் தேவையே இல்லை. உரிய படிவத்தை வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இதற்குப் பங்கு கேட்கும் வக்கீலிடம் போகாதீர்கள். ஆனால் வண்டி தெரியவில்லை என்று போலீஸ் கைவிடும் முன், சுற்றுவட்டாரக் கடைகளின் கேமராப் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும்.

வண்டி தெரிந்து, இன்சூரன்ஸ் இல்லை என்றால் ஓனர்தான் கட்ட வேண்டும். அவரிடம் சொத்து இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கிற வக்கீல் கெட்டிக்காரர். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை போன்ற சில நிலைகளில், முதலில் கம்பெனி கட்டிவிட்டுப் பிறகு ஓனரிடம் வசூலிக்கட்டும் என்று கோர்ட்டு உத்தரவிடும். அதைக் கேட்க வேண்டியதும் உங்கள் வக்கீலின் வேலை.

"லோக் அதாலத்துல முடிச்சுக்கலாம், சீக்கிரம் பணம் வரும்" என்று வக்கீல் வற்புறுத்துகிறார். ஒப்புக்கொள்ளலாமா?

லோக் அதாலத் கெட்ட இடமில்லை. சின்னக் காயம், எலும்பு கூடிவிட்டது, வேலைக்கும் திரும்பிவிட்டீர்கள் என்றால் இரண்டு மூன்று வருஷம் அலைவதைவிட அது மேல். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. உள்ளே இருக்கும் ராடை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி, தலைக்காயத்துக்குப் பிறகு ஞாபகம் தடுமாறுகிறது என்ற நிலையில் முடிக்கவே கூடாது.

வக்கீலிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "விசாரணை நடந்தா நியாயமா எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க." மேலே நான் தையல்காரருக்குப் போட்ட கணக்கு மாதிரி ஒரு தாளில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு, "இதுல இவ்வளவு குறைச்சு இப்பவே வாங்கிக்கலாம்" என்றால் யோசிக்கலாம். கணக்கே காட்டாமல் அவசரப்படுத்தினால், அவசரம் உங்களுக்கா அவருக்கா என்று பாருங்கள்.

"ஊனத்தைக் கொஞ்சம் கூட்டிக்கலாம், இன்சூரன்ஸ் இருக்கிற வேற வண்டியைக் காட்டிக்கலாம்" என்கிறார் வக்கீல்.

ஓடிவிடுங்கள். பொய்க் கேஸில் கூண்டில் நிற்பது நீங்கள். சத்தியம் செய்வதும் நீங்கள்.

வக்கீல் போனே எடுப்பதில்லை. மாற்றலாமா?

போன் எடுக்காததற்காக மட்டும் மாற்றாதீர்கள். காலையில் கோர்ட்டில் இருக்கும்போது யாரும் எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆபீஸுக்கு நேரில் போங்கள். கேஸ் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். மூன்று வாய்தா தொடர்ந்து, மனுதாரர் தரப்பில் யாரும் வரவில்லை என்று இருந்தால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. அப்படியே விட்டால் கேஸ் தள்ளுபடியாகிவிடும்.

மாற்றுவதற்குப் பழைய வக்கீலின் ஆட்சேபமில்லைக் கையெழுத்து வாங்குவது வழக்கம். கொடுக்க மறுத்தால், புது வக்கீல் மூலம் கோர்ட்டிலேயே அனுமதி கேட்கலாம். "ஃபீஸ் பாக்கியைக் கொடுத்தாத்தான் ஃபைல் தருவேன்" என்பது செல்லாது. ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நியாயமான பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், அது வேறு விஷயம். என் மச்சான் விஷயத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம், நேரில் போய், சண்டை போடாமல்.

ஏமாற்றிவிட்டால் புகார் எங்கே? நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா?

முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் சட்டம் பிரிவு 35-ன் கீழ் கர்நாடக மாநில பார் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். ஆபீஸ் அம்பேத்கர் வீதியில் பழைய கே.ஜி.ஐ.டி. கட்டிடத்தில். ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பணத்தைக் கையாடியிருந்தால் போலீஸுக்கும் போகலாம். ரசீதும் யு.பி.ஐ. பதிவும் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசே இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம், அல்லது சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டிடத்தில் இருக்கும் மாநில சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நேரில் போகலாம். "ஓசி வக்கீல் ஒழுங்கா நடத்த மாட்டார்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். அங்கேயும் நான் மேலே சொன்ன கேள்விகளையே கேளுங்கள்.

வேலை இடத்தில் அடிபட்டால், ரயிலில் அடிபட்டால் இதே வக்கீல் போதுமா?

இடம் மாறும். வேலை இடத்துக் காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீடு என்று தனிச் சட்ட வழி உண்டு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் பலன் அங்கிருந்து. வேலையில் இருந்த டிரைவர், கிளீனர் போன்றவர்களுக்கு இரண்டு சட்டத்திலும் வழி உண்டு, ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் அதிகம் வரும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் போங்கள். ரயில் விபத்து ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலுக்குப் போகும், ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும்.

தீர்ப்பு வந்தது, தொகை குறைவு. அதே வக்கீலை வைத்து அப்பீல் போகலாமா?

ஹைகோர்ட்டில் 90 நாளுக்குள் அப்பீல் போடலாம், தகராறு தொகை 1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் முடியாது. ஹைகோர்ட்டில் சாட்சி விசாரணை பொதுவாக நடக்காது, கீழே பதிவானதை வைத்தே வாதம். அதனால் கீழ்க்கோர்ட்டு வக்கீல் ஹைகோர்ட்டிலும் வழக்கமாக ஆஜராகிறவரா என்று கேளுங்கள். இல்லையென்றால் தயங்காமல் வேறு ஒருவரைப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு வந்த அன்றே மனுப் போட்டுவிடுங்கள். அசல் எக்ஸ்ரே படங்களைப் பத்திரமாக வையுங்கள், பீரோவில் நிமிர்த்தி, வெயில் படாமல்.